முப்பத்தாறு சீல்

முதுகுக்குப் பின்னாடி நின்னு மூச்சு விடாதடா. நீ நின்னா எனக்கு ஒரு எழுத்தும் கைக்கு வர மாட்டேங்குது. இதை வாய்க்குள்ள சொல்லிக்கலாம். வெளிய வர்றது என்னவோ, "இருங்க சார், முடிச்சிடறேன்." சாராம். என் அக்கா மகன் வயசுதான் இருக்கும். ஸ்ரீவத்சன்னு பேரு. மெட்ராஸ்ல இருந்து வந்து ஏழு மாசமா எங்க பம்ப் கம்பெனியை ஆட்டி வெக்கறான். கழுத்துல அடையாள அட்டை தொங்கற பட்டை, கையில காபி. "மேடம், பதினோரு மணிக்கு சிஸ்டம் லைவ் போகுது. ஓப்பனிங் ஸ்டாக் முழுசும் ஏத்திட்டீங்கன்னா எம்.டி. வந்து பட்டனை அழுத்துவாரு. இன்னும் எத்தனை லைன்?" ஒண்ணுங்க சார். ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்திரண்டு ஐட்டம் ஏத்தியாச்சு, ஒண்ணு பாக்கி. மெக்கானிக்கல் சீல். மோட்டாருக்குள்ள தண்ணி போகாம அடைக்கிற சாமான், உள்ளங்கைக்குள்ள அடங்கிரும். அதுல முப்பத்தாறு காணோம்னு சொல்லித்தான் மூணு வாரத்துக்கு முன்னாடி நாச்சிமுத்தண்ணனைத் திருடன்னு வெளிய அனுப்பினாங்க. அவரு எடுக்கலை. நான்தான் எடுத்து வெச்சிருந்தேன். இன்னைக்குக் காலையில, கம்பெனிக்குள்ளயே வெச்சிருந்த இடத்துல இருந்து சாப்பாட்டுப் பையில போட்டுக் கொண்டு வந்து அந்த முப்பத்தாறையும் ரேக்குல வெச்சுட்டேன். இனி இங்க எழுதணும். எப்படி எழுதறது, யாரு எடுத்ததுன்னு எழுதறது, அதுதான் தெரியலை. மணி பத்து பத்து.

யாரு கேட்டா இந்தக் கம்ப்யூட்டர் கணக்கு சிஸ்டத்தை? நானா கேட்டேன்? பத்தொன்பது வருஷம் இந்த ஸ்டோர்ஸ் ஓடுச்சு. நீல அட்டை லெட்ஜர், கயிறு கட்டின பேனா, கவுண்டர்ல நாச்சிமுத்தண்ணன், மேஜையில நான். சாமான் முதல்ல, சீட்டு அப்புறம், அதுதான் எங்க சட்டம். பம்ப் பூட்டற லைன்ல இருந்து ஃபோர்மேன் ஆறுச்சாமி ஓடி வருவாரு, "அம்மிணி, பேரிங் நாலு குடு, லைன் நிக்குது"ம்பாரு, தூக்கிக் குடுத்துருவோம். சீட்டு சாயங்காலம் வரும், மறுநாள் வரும், சில சமயம் அடுத்த வாரம் வரும். தேதியை மட்டும் சாமான் போன தேதியா போட்டு, ரெண்டு வரிக்கு நடுவுல நுணுக்கி எழுதி வெச்சுருவோம். தேதி நாம சொல்றபடி கேக்கும். வருஷக் கடைசியில ஆடிட்டர் வந்து கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு, சரியா இருக்குதும்மான்னு சொல்லிட்டுப் போவாரு. சரியாத்தானே இருந்துச்சு? எதுக்குப் பதுக்கினேன்னு கேப்பாங்க இப்ப. பதுக்கலை. எடுத்து வெச்சேன். ஒரு ஐப்பசி மழையில சீல் வர்ற லாரி வழியில படுத்துக்கிச்சு, லைன் ரெண்டு நாள் நின்னு போச்சு. எம்.டி.யோட அப்பா, நாங்க பெரியவர்னு சொல்லுவோம், அவரு அப்ப உயிரோட இருந்தாரு. அத்தனை பேரு முன்னாடி என்னைப் பாத்து, "சாமான் இல்லைன்னு சொல்றதுக்கு எதுக்கும்மா ஒரு ஸ்டோர்ஸ், பூட்டிட்டுப் போ"ன்னாரு. அந்த வார்த்தை இன்னும் காதுல கிடக்குது. அன்னையில இருந்து வர்ற பெட்டியில எல்லாம் கொஞ்சம் எடுத்துப் பேட்டர்ன் ரூமுக்கு அனுப்பிருவேன். வார்ப்புக்கு மர அச்சு அடுக்கி வெக்கற இருட்டு ரூம், எவனும் எட்டிப் பாக்க மாட்டான். லைனுக்குக் குடுத்ததா நாலு சீட்டுல பிரிச்சு எழுதிட்டா லெட்ஜர் சரியாப் போயிரும். தூக்கிட்டுப் போய் வெக்கறது நாச்சிமுத்தண்ணன். அவருக்கு எல்லாம் தெரியும். அதுக்கப்புறம் ஒரு நாளும் சீல் இல்லாம லைன் நின்னதில்லை. எங்கிருந்து வந்துச்சும்மான்னு பெரியவரும் கேட்டதில்லை. கேக்காம இருக்கறது ஒரு மரியாதை, அது இந்தக் கழுத்துப்பட்டைக்காரனுக்குத் தெரியுமா?

இவனுக்கு என்ன தெரியும். வந்த முதல் நாள் எங்களை எல்லாம் ஏ.சி. ரூம்ல உக்கார வெச்சுப் படம் போட்டான். அத்தனையும் இங்கிலீசு. எனக்குக் குளிருல மூக்கு ஒழுகுனதுதான் ஞாபகம். கிரீஸுக்கு யூனிட் என்ன மேடம்னு கேட்டான். கரண்டிங்கன்னேன். சிரிச்சான். சிரிக்கறதுக்கு என்ன இருக்குது, பதினாறு கிலோ டின்னுல இருந்து கரண்டியிலதான் எடுத்துக் குடுக்கறோம். கிலோவுல போடுங்கன்னுட்டான். இப்ப ஆறுச்சாமி ஒரு கரண்டி கிரீஸுக்கு வந்தா நான் சைபர் புள்ளி சைபர் ஏழுன்னு அடிக்கணும், அதுக்கு வேலை நம்பர் போடணும், அதுக்கு மேல ஒருத்தர் ஓகே குடுக்கணும், அந்த ஒருத்தர் பாதி நாள் பிளேன்ல இருக்காரு. அது வரைக்கும் ஆறுச்சாமி கவுண்டர்ல நின்னுட்டு என் குடும்பத்தையே வாழ்த்துவாரு. ஆயுத பூஜைக்கு ஸ்கேனருக்குச் சந்தனம் வெச்சோம். மத்த மிஷினுக்கெல்லாம் வெக்கறோம், அதுக்கு மட்டும் வெக்காம விட்டா நல்லாவா இருக்கும்? கண்ணாடி மேலயே வெச்சுட்டோம் போல. மறுநாள் ஒரு ஸ்டிக்கரும் படிக்கலை. அதைப் படம் புடிச்சு மெட்ராஸுக்கு அனுப்பிச் சிரிச்சானுங்க. ஒரு நாள் போன்ல பேசிட்டிருந்தான், நான் ரேக்குக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தது தெரியாம. "சாஃப்ட்வேர்ல ஒண்ணும் பிரச்சினை இல்லைடா, இங்க மனுஷங்கதான் பிரச்சினை." நாங்க பிரச்சினை. சரி. பாஸ்வேர்டுன்னு ஆளுக்கு ஒண்ணு குடுத்தான், எட்டு எழுத்து, அதுல ஒரு நம்பர், ஒரு புள்ளி, ஒரு கோடு. என்னோடது மூணு தடவை தப்பாப் போட்டுப் பூட்டிக்கிச்சு. அவன்கிட்டப் போய்க் கேக்கறதுக்கு எனக்கு மானம் போச்சு. நாச்சிமுத்தண்ணன் சொன்னாரு, "விடு அம்மிணி, எம்பட பேருல நுழைஞ்சு பண்ணிக்க, ரெண்டு பேரும் ஒரே ரூம்லதானே இருக்கறோம்." அவரு பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி மானிட்டர் அடியில ஒட்டினாரு. அன்னையில இருந்து அவரு பேருதான். இப்பவும் ஒட்டியிருக்குது. ஆளை அனுப்பினாங்க, பேரை எடுக்கலை. ஆபீசுல சொல்லணும்னு இவன் நினைச்சிருப்பான், இவன் எடுப்பான்னு ஆபீசுல நினைச்சிருப்பாங்க. காலையில அதுலதான் நானும் நுழைஞ்சேன். வேற வழி எனக்குத் தெரியாது.

பத்து இருபத்தஞ்சு. காபி குடிச்சு முடிச்சுட்டான், போக மாட்டேங்கறான். அந்தச் செவ்வாக்கிழமையும் இப்படித்தான் நின்னான். ஒத்திகை எண்ணிக்கைன்னு சொல்லி, ரேக் ரேக்கா எண்ணினாங்க. அந்த மாசம் சீல் இருநூறு வந்துச்சு. பழைய கையிருப்பெல்லாம் லைனுக்குக் குடுத்துத் தீந்து போனதால, அதுல முப்பத்தாறு எடுத்துப் பேட்டர்ன் ரூமுக்கு அனுப்பியிருந்தேன். கை பழக்கம், யோசிக்கவே இல்லை. லெட்ஜரா இருந்தா அன்னைக்கே நாலு சீட்டுல பிரிச்சு எழுதியிருப்பேன். இது வேலை நம்பர் கேட்டுச்சு, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன். அப்புறம்னு ஒண்ணு இதுக்குத் தெரியாதே. இருநூறு வந்ததுன்னு அது கையைக் கட்டிட்டு நிக்குது, ரேக்குல முப்பத்தாறு குறையுது. இவன் திரையில காட்டினான். "வாங்கி வெச்ச யூசர், நாச்சிமுத்து. சிஸ்டம் பொய் சொல்லாது சார்." அடிச்ச விரலு என் விரலு. எம்.டி. ஜெகதீஷ் நல்ல புள்ளைதான், பெரியவர் தோள்ல உக்காந்து ஃபேக்டரி சுத்தினப்ப இருந்து பாக்கறேன், ஆனா திரையில வந்தா அது அவருக்கு வேத வாக்கு. "எங்க போச்சுங்க?"ன்னு நாச்சிமுத்தண்ணனைக் கேட்டாரு. அண்ணன் எம்.டி.யைப் பாக்கலை. என்னைப் பாத்தாரு. கோபமா எல்லாம் இல்லை, சும்மா, நான் பேசுவேன்னு காத்துட்டு நிக்கற மாதிரி. நான் ஸ்டேப்ளரைப் பாத்துட்டிருந்தேன். அதுல பின் தீந்து போயிருந்துச்சு, போடணும்னு நினைச்சேன், அந்த நேரத்துல அதை நினைச்சேன். "எனக்குத் தெரியாதுங்க"ன்னாரு. சாயங்காலம் கேட்டுல செக்யூரிட்டி அவரு டிஃபன் டப்பாவைத் திறந்து பாத்தான். மிச்சம் வெச்ச ரசஞ்சாதம் இருந்துச்சு. ஷிப்டு முடிஞ்சு போறவன் எல்லாம் பாத்துட்டுப் போனான். செவ்வா எண்ணினாங்க, வியாழக்கிழமை வெளிய அனுப்பிட்டாங்க.

ஏனுங்ணா நீங்க சொல்லலை? வாய் இல்லையா உங்களுக்கு? பேட்டர்ன் ரூமுல இருக்குதுங்க, இந்தப் பொம்பளைதான் வெக்கச் சொன்னான்னு ஒரு வார்த்தை. நான் இல்லைன்னு சொல்லியிருக்க மாட்டேன், சத்தியமா சொல்லியிருக்க மாட்டேன். கேட்டா ஒத்துக்கிட்டிருப்பேன். கேக்காததால சொல்லலை. நீங்க பெரிய மனுசன் மாதிரி வாயை மூடிட்டீங்க, இப்ப நான்தான் ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுக்கறேன். உங்களாலதான். ச்சீ, என்ன பேச்சு பேசறேன். என் வாயில புழு வெக்க. அந்த மனுசன் இப்ப பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல பெட்ரோல் பங்க்ல நின்னு வண்டிக்குக் காத்து புடிச்சிட்டிருக்காரு. அம்பத்தி நாலு வயசு. குனிஞ்சு குனிஞ்சு நிமிரறாரு. வேற பங்க்கே இல்லையா இந்த ஊருல, கம்பெனி வாசல்லயா நிக்கணும்? நான் ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி, சாக்கடை சந்துல புகுந்து பின் கேட்டு வழியா வர்றேன். போன வாரம் ஒரு நாள் பஸ்ல தூங்கிட்டேன், நேரா அங்கயே இறங்கும்படி ஆயிருச்சு. பாத்துட்டாரு. கையைத் துணியில துடைச்சிட்டே ரோட்டைத் தாண்டி வந்தாரு. ஓங்கி ஒண்ணு விடப் போறாருன்னு நினைச்சேன், விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். "என்ன அம்மிணி, லைன் நிக்காம ஓடுதா?"ன்னு கேட்டாரு. அவ்வளவுதான். ஓடுதுங்ணான்னு சொல்லிட்டு நடந்தேன், ஓடினேன்னுதான் சொல்லணும். எனக்கு அழுகை வரலை, ஆத்திரம்தான் வந்துச்சு, இந்த மனுசன் ஏன் இப்படி நல்லவரா இருந்து தொலையறாருன்னு. அன்னைக்குத்தான் முடிவு பண்ணினேன், முப்பத்தாறையும் திருப்பி வெச்சுருவேன்னு. எப்படின்னு அப்ப யோசிக்கலை.

பத்து நாப்பது. வழி ரெண்டுதான். இப்பவே திரும்பி இவன்கிட்டச் சொல்லலாம், சார், நான்தான் எடுத்து வெச்சேன், எனக்குத் திருட்டுப் புத்தி இல்லை, ஆனா நான்தான். அப்ப என்ன ஆகும்? கேட்டுல என் பையைத் திறப்பாங்க. என் டப்பாவுல என்ன இருக்குதுன்னு ஷிப்டே பாக்கும். நாப்பத்தாறு வயசுல என்னை எவன் வேலைக்கு எடுப்பான், எடுத்தாலும் அங்கயும் இப்படி ஒருத்தன் கழுத்துல பட்டையோட நிப்பான். ஆறுச்சாமி லைன்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு, இவளா, ஒரு ஆணி குறைஞ்சாலும் ஊரைக் கூட்டுவாளேன்னு. அது கூடப் பரவாயில்லை. மூணு வாரம் ஏம்மா பேசாம இருந்தேன்னு ஜெகதீஷ் கேட்டா? அதுக்கு என்ன சொல்றது? ஸ்டேப்ளருக்குப் பின் போட்டுட்டிருந்தேங்கன்னா? இல்லை. இன்னொரு வழி இருக்குது, எனக்குத் தெரிஞ்ச வழி, பத்தொன்பது வருஷமா நடந்த வழி. பழைய தேதியில ஒரு வரி. லெட்ஜர்ல நடுவுல நுணுக்கி எழுதற மாதிரி. ஓப்பனிங் ஸ்டாக் ஏத்தறதுக்காக இவனே பழைய தேதியைத் திறந்து விட்டிருக்கான், நானே பாத்தேன், போன மாசம் வரைக்கும் கேக்குது. செவ்வாக்கிழமை எண்ணி, முப்பத்தாறு காணோம்னு கணக்குல கழிச்சாங்க. வியாழக்கிழமை அனுப்பினாங்க. நடுவுல புதன். புதன்கிழமை தேதியில சீல் முப்பத்தாறு ரேக்குக்குத் திரும்பி வந்ததுன்னு போட்டா, அண்ணனை அனுப்பின அன்னைக்குக் கணக்கு சரியா இருந்துச்சுன்னு ஆயிரும். குறைச்சலே இல்லை, அப்புறம் எதுக்கு ஆளை அனுப்பினீங்கன்னு அந்தத் திரையே எம்.டி.யைக் கேக்கும். திரை சொன்னா நம்பறவருதானே. எண்ணினவன் தப்பா எண்ணிட்டான்னு ஆகும், யாரும் மாட்ட வேண்டாம், நானும் வேண்டாம், அண்ணனும் வேண்டாம். கூப்பிட்டு விடுவாங்க. வருவாரு. கவுண்டர்ல நிப்பாரு. "மேடம், நான் பூஜைக்கு எல்லாம் ரெடியான்னு பாத்துட்டு வரேன்"னு இவன் போயிட்டான். தெய்வமா பாத்து அனுப்பின மாதிரி இருந்துச்சு. ரிட்டர்ன். மெக்கானிக்கல் சீல். முப்பத்தாறு. தேதி, புதன். ஒரு எழுத்தும் தப்பலை. பச்சையா ஒரு டிக் வந்துச்சு. ஏழு மாசத்துல முதல் தடவையா இந்த மிஷின் நான் சொன்னதைக் கேட்டுச்சு.

பத்து அம்பத்தெட்டுக்கு ஜெகதீஷ் வந்தாரு, பின்னாடியே தட்டும் தேங்காயும். "ஏனுங்க்கா, எல்லாம் சரியா?"ன்னாரு. சரிங்கன்னேன். ஸ்கேனருக்கு இந்தத் தடவை பின்பக்கமாப் பொட்டு வெச்சோம். பட்டனை அழுத்தினாரு, கை தட்டினாங்க, நானும் தட்டினேன். ஸ்ரீவத்சன் ஒரு ரிப்போர்ட்டைத் திறந்தான். "சார், வித்தியாசம் சைபர்." அப்புறம் கண்ணைச் சுருக்கிட்டுக் கிட்டப் போனான். "சார், ஒரு நிமிஷம். அந்த சீல், காணாமப் போன முப்பத்தாறு, அது திரும்பி வந்திருக்கு. புதன்கிழமை. யூசர்..." நான் அப்பத்தான் மேல் மூலையைப் பாத்தேன். மாசக்கணக்கா அங்கயே இருக்கற பேரு. இருக்கறதாலயே கண்ணுல படாத பேரு. "யூசர், நாச்சிமுத்து." ஜெகதீஷ் திரைகிட்டக் குனிஞ்சு பாத்தாரு. "பாத்தீங்களா? செவ்வாக்கிழமை புடிச்சோம், புதன்கிழமை பயந்துட்டுத் திருப்பி வெச்சிருக்கான். வெச்சுட்டு வியாழக்கிழமை ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னிருக்கான் பாருங்க. நான்கூட ஒரு வாரமா மனசு சரியில்லாம இருந்தேங்க்கா, அவசரப்பட்டுட்டோமோன்னு. அப்பா காலத்து ஆளு, இன்னைக்குப் பூஜை முடிஞ்சதும் பங்க்ல போய்க் கூப்பிட்டுப் பேசலாம்னுதான் இருந்தேன். நல்ல வேளை." இப்ப சொல்லு. இப்பச் சொல்லுடி. அது நானுங்க, அந்தத் தேதி நான் போட்டது, அவரு பேருல நுழைஞ்சது நானுங்க. ஸ்டேப்ளரை எடுத்து மேஜை ஓரமா வெச்சேன். "சிஸ்டம் பொய் சொல்லாது சார்"னான் அவன். ஜெகதீஷ் என் பக்கம் திரும்பி, "பத்தொன்பது வருஷம் உங்க கூட இருந்தவன், உங்களுக்கே சந்தேகம் வரலை பாருங்க. அவன்தானுங்க்கா எடுத்திருக்கான், இல்லைங்களா?"ன்னாரு.

"ஆமாங்க."

தேங்காய் மூடி ஒண்ணை என் கையில குடுத்துட்டு எல்லாரும் போயிட்டாங்க. அவன் மட்டும் நின்னு, போறதுக்கு முன்னாடி அந்தத் துண்டுச் சீட்டை மானிட்டர்ல இருந்து கிழிச்சு எடுத்துட்டு, "இதெல்லாம் ஒட்டி வெக்கக் கூடாது மேடம்"ன்னான். திரையில நாச்சிமுத்துங்கற பேரை அழிக்கவான்னு கேட்டுச்சு, அவன் சரின்னு அமுத்தினான். நாளைக்கு ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கிரணும், தூங்கக் கூடாது. தப்பித் தவறி அங்க இறங்கிட்டா அந்த மனுசன் கையைத் துடைச்சிட்டு ரோட்டைத் தாண்டி வருவாரு. லைன் நிக்காம ஓடுதா அம்மிணின்னு கேப்பாரு. ஓடுதுங்ணான்னு சொல்லணும்.